பிக்கப் வண்டிக்கு ஏற்ற பின்னச்சு விகிதம்

மரக்கறியையும் நெல்லையும் சந்தைக்குக் கொண்டுசெல்லும் பொருட்டுப் பழைய பிக்கப் வண்டியொன்றை வாங்க எண்ணும் கமக்காரர், எஞ்சினையும் ரயர்களையும் பார்வையிட்டு விலை பேசுவர். பின்னச்சின் நடுவேயுள்ள உருண்டைப் பெட்டிக்குள் இருக்கும் பற்சில்லுகளைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே. ஆயினும், வண்டி ஏற்றத்தில் திணறுவதும், இறக்கத்தில் பிறேக்கைச் சுட்டெரிப்பதும், சமதரையில் வீணாக டீசலைக் குடிப்பதும் பெரும்பாலும் அப்பற்சில்லுகளோடு தொடர்புடையன.

டிபரன்சல் என வழங்கும் அப்பெட்டிக்குள், எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியில் பினியன் என்னும் சிறு பற்சில்லு உண்டு. அது கிரவுண் என்னும் பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. பினியனில் 10 பற்களும் கிரவுணில் 41 பற்களும் இருப்பின், தண்டு 4.1 முறை சுழன்றால்தான் சில்லு ஒருமுறை சுழலும். இதுவே பின்னச்சு விகிதமாகும். 12க்கு 43 பற்களாயின் விகிதம் 3.583, 8க்கு 39 பற்களாயின் 4.875. எண் பெரிதாகுந்தோறும் இழுவை கூடும், வேகம் குறையும். எண் சிறிதாகுந்தோறும் இதற்கு மாறாக நிகழும். மெக்கானிக்மார் பெரிய எண்ணையே ‘லோ’ என்பர். இச்சொல்லால் மயங்காது, பற்களின் தொகையைக் கேட்டறிதல் நன்று.

இவ்விகிதத்தால் எஞ்சினுக்கு நேர்வதைக் கமக்காரர் தாமே கணக்கிடலாம். ரயரில் சோக்குக் கட்டியால் ஓர் அடையாளமிட்டு, வண்டியை நேராகத் தள்ளி, அவ்வடையாளம் மறுபடியும் நிலத்தைத் தொடும்வரை உள்ள தூரத்தை அளந்துகொள்க. அது 2.1 மீற்றர் எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகமென்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர். ஆகவே சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 476 முறை சுழல வேண்டும். நான்காம் கியர் நேர்க்கியராயுள்ள வண்டியில், 4.1 விகிதத்துக்கு எஞ்சின் 1,950 முறையளவிலும், 3.583 விகிதத்துக்கு 1,700 முறையளவிலும், 4.875 விகிதத்துக்கு 2,320 முறையளவிலும் சுழலும். பாரவேலைக்கான சிறு டீசல் எஞ்சின்கள் பல நிமிடத்துக்கு 2,000 சுழற்சியை அண்டியே நன்கு இழுப்பன. அதற்கு மிகக் கீழே பாரத்துடன் அழுத்தினால் எஞ்சின் உதறிக் கரும்புகை கக்கும். மிக மேலே வைத்து நெடுந்தூரம் ஓட்டினால் இரைச்சலும் எரிபொருட் செலவும் மிகும்.

கிளிநொச்சி, வவுனியா போன்ற சமதரைப் பகுதியிலிருந்து பெருவீதி வழியே தம்புள்ளைக்குப் பாரம் கொண்டுசெல்வோருக்கு 3.9 முதல் 4.1 வரையிலான விகிதம் போதுமானது. அறுவடைக் காலத்தில் வயற் சேற்றில் புதைகின்றதே என்று இவர்கள் பெரிய எண்ணை நாடவேண்டியதில்லை. சேற்றில் வழுக்கும் சில்லுக்கு இழுவையைக் கூட்டிக் கொடுத்தால் அது இன்னும் விரைவாக வழுக்குமேயன்றி வேறு பயன் இல்லை. இரு வாரச் சேற்றுக்காக ஆண்டு முழுவதும் டீசலை இழப்பதிலும், நெல் மூடைகளை உழவு இயந்திரப் பெட்டியில் வீதிவரை கொண்டுவந்து ஏற்றுவதே சிக்கனம்.

மலைநாட்டுக் கமக்காரரின் நிலை வேறு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. அங்கு காற்று ஐதாயிருப்பதால், டேர்போ பூட்டப்படாத எஞ்சின் தன் வலுவில் ஐந்திலொரு பங்கு வரை இழக்கும். கம்பளையிற் சுறுசுறுப்பாய் இருந்த வண்டி மேலே சென்றதும் சோர்வதற்கு ஒரு காரணம் இதுவே. 4.1க்குப் பதிலாக 4.875 விகிதம் உள்ள வண்டி, அதே எஞ்சினும் அதே கியரும் கொண்டு, சில்லில் ஏறத்தாழ 19 வீதம் கூடுதலாக இழுக்கும். உயரத்தால் இழந்ததிற் பெரும்பகுதி இவ்வாறு மீளும்.

எனினும் ஏற்றத்தைவிட இறக்கமே இங்கு கவனிக்கற்பாலது. மலைநாட்டு வண்டி மேலே செல்லும்போது சில உர மூடைகளையே சுமக்கும். கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என முழுப் பாரமும் ஏறுவது கீழே வரும்போதுதான். றம்பொடை வழியே இறங்குகையில், ஆக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் வண்டியைப் பின்னே பிடித்து நிறுத்தும் வலுவும் பின்னச்சு விகிதத்தாலேயே பெருகுகின்றது. சிறிய எண் உள்ள வண்டியில் அப்பிடி தளர்ந்திருப்பதால் சாரதி பிறேக்கை இடைவிடாது மிதிக்கிறார். பிறேக் சூடேறி, மணம் வீசி, ஈற்றில் மிதித்தும் பிடியாத நிலை உண்டாகும்.

கந்தப்பளைப் பகுதிக் கமக்காரர் ஒருவர் அழகுக்கென்று பெரிய ரயர்களைப் பூட்டிய வண்டியொன்றை வாங்கினார். முதல் மழைக்காலத்திலேயே, லீக்ஸ் பாரத்துடன் இறங்கும்போது பிறேக் புகைந்து, வண்டியை மண்மேட்டிற் சாய்த்தே நிறுத்தினார்; உடன் இருந்த மகனுக்குக் கை முறிந்தது. பிறேக்கிற் குறையெதுவும் காணப்படவில்லை. சுற்றளவு 2.1 மீற்றரிலிருந்து 2.3 மீற்றராகிய அந்த ரயர்கள் 4.1 விகிதத்தை ஏறத்தாழ 3.74 ஆக்கிவிட்டன. வேகமானி 60 எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 66 அளவில் ஓடியது. அவர் பற்சில்லை மாற்றவில்லை. பழைய அளவு ரயரை மீண்டும் பூட்டியதே போதுமாயிற்று. ஏறிய கியரிலேயே இறங்குவதை அவர் இப்போது வழக்கமாக்கிக் கொண்டுள்ளார்.

பெரிய எண் எரிபொருளைத் தின்றுவிடும் என்ற அச்சம் ஐந்து கியர் வண்டியில் அவ்வளவு பொருந்தாது. ஐந்தாம் கியர் 0.85 ஆயின், 4.875 விகிதமுள்ள வண்டி அக்கியரில் ஓடுவது, 4.1 விகித வண்டி நான்காம் கியரில் ஓடுவதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். ஆதலால் மலைநாட்டவர் 4.5க்குக் குறையாத விகிதத்தைத் தயங்காது தெரிவு செய்யலாம். நான்கு கியர் மட்டுமே உள்ள வண்டியாயின், சந்தைக்குச் செல்லும் வழியில் மலை எவ்வளவு, சமதரை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

வாங்குமுன் விகிதத்தை அறிதல் எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, நிலத்தில் இருக்கப்போகும் மூன்று சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க. ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கினால் உயர்த்தி, அச்சின் கீழே உறுதியான தாங்கி கொடுக்க. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ் எவரும் புகலாகாது. கியரை நியூற்றலில் வைத்து, கைப்பிறேக்கை விடுவித்து, உயர்த்திய சில்லைக் கையால் 20 முறை சுழற்றுக. மற்றச் சில்லு அசையாதிருப்பதால் கிரவுண் 10 முறையே சுழலும். அதற்குள் நீண்ட தண்டு 41 முறை சுழன்றால் விகிதம் 4.1, 49 முறைக்குச் சற்றுக் குறைவாயின் 4.875. டிபரன்சல் பூட்டுள்ள வண்டிக்கு இம்முறை பொருந்தாது.

விகிதத்தை மாற்றியே ஆகவேண்டுமெனின், கொழும்புப் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பாவித்த பாகங்கள் கிடைக்கும். கிரவுணையும் பினியனையும் சோடியாகவே வாங்குதல் வேண்டும்; ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகிய பற்களைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் ஊளையிட்டு விரைவில் உடையும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியாயின் முன்னச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றாமல் விடுவது பெருந்தவறு. நான்கு சில்லு இழுவையைப் போட்டவுடன் இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து, இடையிலுள்ள பெட்டியை நொறுக்கிவிடும். பற்களின் இடைவெளியை அளவு கருவியால் சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடமே இவ்வேலையைக் கொடுக்க. வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்கும் வண்டிகளில் அதன் சிறு பற்சில்லையும் மாற்றுவிக்க வேண்டும். முடிந்ததும் டிபரன்சலுக்குரிய 90 இலக்கக் கியர் ஒயிலை நிரப்பி, முதற் சில நூறு கிலோமீற்றர் குறைந்த பாரத்துடன் ஓட்டி, அவ்வொயிலை வடித்துப் புதிது இடுக.