தீர்ப்பும் சொல்வன்மையும்

வழக்கு என்றால் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். தோற்றவரும் பொதுமக்களும் “இது நியாயமே” என்று ஏற்றால்தான் தீர்ப்பு நிலைபெறும். நீதிபதியிடம் படை இல்லை; அவர் கையில் இருப்பது சொல் ஒன்றே. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அச்சொல்வன்மை தீர்ப்புக்கு எவ்வாறு துணைபுரிகிறது என்பதை, மாணவர்களைப் பற்றிய ஒரு வழக்கின் வாயிலாகக் காண்போம்.

1985-ஆம் ஆண்டு கேரளப் பள்ளி ஒன்றில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையைச் சேர்ந்த உடன்பிறப்புகள் மூவர் படித்தனர். காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். பாடுவது தங்கள் விசுவாசத்துக்கு மாறானது என்றனர். இதற்காக அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். மூத்தவர் அப்போது பத்தாம் வகுப்பு மாணவர். கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றமோ அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது.

நாட்டுப்பற்று மிக்க பலருக்கு இது எளிதில் ஏற்கக்கூடிய தீர்ப்பன்று. ஆகவே அது எழுதப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. நீதிபதி சின்னப்ப ரெட்டி முதலில் காரணங்களை அடுக்கினார். நாட்டுப்பண்ணைப் பாடியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுந்து நிற்பதே உரிய மரியாதை. மனச்சான்றின் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு காக்கிறது. இவற்றை நிறுவிய பிறகே, நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்புத்தன்மையையே போற்றுகின்றன, அதை நீர்த்துப்போகச் செய்யலாகாது என்று முடித்தார். எதிர்த்தரப்பைச் சாடாமல், “நம்” என்று அவர்களையும் சேர்த்துக்கொண்டதே அவ்வரிகளின் வலிமை.

அமெரிக்காவில் 1954-இல், பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாது என்று தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வேறு வழியை நாடினார். சாதாரண மக்களும் படிக்கும்படி, எவரையும் குறைகூறாமல், அலங்காரமின்றிச் சுருக்கமாக எழுதினார். அப்படியும் தென் மாநிலங்களில் எதிர்ப்புப் பல ஆண்டுகள் நீடித்தது. சொல் மட்டுமே மனங்களை மாற்றிவிடாது என்பதும் உண்மையே.

மேலும், காரணம் இல்லாத இடத்தில் அலங்காரம் மட்டும் இருந்தால் அது விரிசல் விட்ட சுவருக்குப் பூசிய சுண்ணாம்பே. நியாயம் அடித்தளமாகவும் இனிய சொல் வாசலாகவும் அமைய வேண்டும்.

நம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளை நாடிப் பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் வந்துள்ளனர். அன்புத் தோழியரே! காலை வழிபாட்டில் சிலுவை அடையாளம் இடாமல் அமைதியாக நிற்கும் தோழியும் இறைவனை மதிப்பவளே. அந்தத் தீர்ப்பு அவளுக்காகவும் எழுதப்பட்டதுதான்.