வள்ளியம்மாவின் பேரன்

ஒதியம்பட்டில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வரை வந்துவிட்ட பாட்டு ‘எஞ்சாய் எஞ்சாமி’. அதை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய அறிவு அரக்கோணத்துப் பிள்ளை, பொறியியல் படித்தவர். 2018 ஜனவரியில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில்தான் நம்மில் பலர் அவரை முதலில் கேட்டோம். இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு அது. பெயர், பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து வந்தது. 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பு வந்தது.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாமி’ அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைத்து, நிலமில்லாமல் ஊர் திரும்பியவர் அவர். காடு திருத்தியவருக்குக் காணி இல்லை என்பதைப் பாகூர் வயல்களில் நாற்று நடும் நம் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. எழுதியவரை மறைப்பது நாம் காலங்காலமாகப் பார்த்து வருவதுதான். ஆனால் இம்முறை இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பலரும் கேட்டார்கள். அதன்பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது.

2024இல் வெளியிட்ட தொகுப்புக்கு அவர் வைத்த பெயர், ‘வள்ளியம்மா பேராண்டி’.