காஸ்டிக் சோடாவின் வீரியத்தை அளந்தறிதல்

சவுக்காரம் செய்யும் சங்கங்களில் எண்ணெயை நிறுத்து வாங்குவதில் அங்கத்தினர் காட்டும் கவனம் காஸ்டிக் சோடாவின் விஷயத்தில் காணப்படுவதில்லை. டப்பாவைத் திறந்தது முதல் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கரியமில வாயுவை ஏற்று ஒரு பகுதி சலவைச் சோடாவாகவும் மாறும். தராசில் எடை கூடுமேயன்றிக் குறையாது, குறைவது வீரியமே.

100 பங்கு தேங்காயெண்ணெய்க்கு உத்தேசமாக 18.3 பங்கு சுத்தமான காஸ்டிக் வேண்டும். நூற்றுக்கு 80 வீதமே வீரியமுள்ள சரக்கை அதே எடை போட்டால், எண்ணெயில் ஐந்திலொரு பங்கு சவுக்காரமாகாமல் நின்று சிக்கு நாற்றம் அடிக்கும். கண்மதிப்பாக அதிகம் போட்டாலோ, மிஞ்சிய க்ஷாரம் குளிப்பவர் தோலைப் புண்ணாக்கும். இவ்விரண்டு நஷ்டங்களையும் தவிர்க்கும் வழி, அளவு தெரிந்த திராவகத்தால் க்ஷாரத்தைச் சமன் செய்து பார்த்தலாகும்.

சரக்கில் 10 கிராம் நிறுத்து, தண்ணீரில் சிறிது சிறிதாக இட்டுக் கரைக்க வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும். கரைசல் ஆறிய பின்பே 250 ஸி.ஸி. ஆக்குக. அதில் 25 ஸி.ஸி.யைப் பிப்பெட்டால் (வாயால் உறிஞ்சாமல், ரப்பர்க் குமிழ் கொண்டு) எடுத்துக் குடுவையிலிட்டு, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, பினால்ப்தலீன் இரண்டு சொட்டு சேர்த்தால் செந்நிறம் தோன்றும். 1871-ல் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி அடால்ப் பையர் ஆக்கிய பொருள் இது. கடுமையான க்ஷாரத்தில் இந்நிறம் தானே மங்குமாதலால், நீர்க்காமலும் தாமதித்தும் செய்தால் ஏமாற நேரும்.

பியூரெட்டில் நார்மல் ஹைட்ரோகுளோரிக் திராவகத்தை நிரப்பி, குடுவையைச் சுழற்றிக்கொண்டே விடுக. முடிவு நெருங்கும்போது சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரே சொட்டில் நிறம் மறையும் இடமே முடிவு. முதல் தடவை கணக்கில் சேராது, பின்னிரண்டும் 0.1 ஸி.ஸி.க்குள் ஒத்திருத்தல் அவசியம்.

இத்திராவகத்தில் 1 ஸி.ஸி., 0.040 கிராம் காஸ்டிக்கைச் சமன் செய்யும். 20 ஸி.ஸி. செலவானால் காஸ்டிக் 0.8 கிராம். எடுத்த 25 ஸி.ஸி.யில் இருந்த சரக்கு 1 கிராமாதலால், வீரியம் நூற்றுக்கு 80. அப்போது 100 பங்கு எண்ணெய்க்கு 18.3-ஐ 0.8-ஆல் வகுத்து, 22.9 பங்கு போட வேண்டும்.

சலவைச் சோடா மிகுந்த பழைய சரக்கில் இக்கணக்குச் சற்று உயர்த்தியே காட்டும். ஏனெனில் அச்சோடாவிலும் பாதி திராவகத்தை ஏற்கும், எண்ணெயையோ அது சவுக்காரமாக்காது. ஆகவே வெள்ளைப் பொடி பூத்த மேற்பகுதியை நீக்கிவிட்டு, அடிச்சரக்கையே சோதித்து உபயோகிப்பது நலம். புது டப்பா திறக்கும்போதும், திறந்த டப்பா சில வாரங்கள் இருந்த பின்பும் சோதித்து, சரக்குப் புத்தகத்தில் எடைக்கு எதிரே வீரியத்தையும் தேதியையும் எழுதிவைக்க வேண்டும்.