சீனத்துக்கு வந்த வழியில் தமிழ்: லினக்ஸில் தட்டச்சு அமைப்பது எப்படி?

லினக்ஸ் கணினியில் தமிழில் எழுத விரும்புபவர் விசைப்பலகை அமைப்புகளுக்குள் நுழைந்தவுடன் எதிர்ப்படும் ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் என்னும் இரண்டு மென்பொருள்களும் சீனம் போன்ற கிழக்காசிய மொழிகளின் தேவையை முன்னிட்டு உருவானவை. தமிழ் எழுத்துகளை விசைகளோடு இணைக்கும் எம்17என் என்னும் நிரல் தொகுப்பு ஜப்பானின் தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவாக்கப்பட்டு, பல நாட்டு ஆர்வலர்களின் பங்களிப்பால் இந்திய மொழிகளையும் உள்ளடக்கியது. ஆகவே லினக்ஸில் சீன எழுத்தைத் தட்டும் முறையை விளங்கிக்கொள்பவருக்குத் தமிழ்த் தட்டச்சின் அமைப்பும் விளங்கிவிடும். இரண்டுக்கும் வழி ஒன்றே.

திண்டுக்கல் மாவட்டத்தின் ஆத்தூர் வட்டத்தில், திண்டுக்கல்லிலிருந்து வத்தலகுண்டு செல்லும் சாலையும் ஒட்டன்சத்திரம் சாலையும் கூடும் இடமான செம்பட்டி போன்ற ஊர்களுக்கு லினக்ஸ் புதிய பெயரன்று. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் மாணவர்கள் பெற்ற கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அரசு நிறுவனமான எல்காட் அதற்கு முன்பே, 2006-07 ஆண்டுகளில், தன் அலுவலகக் கணினிகளை சுசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. ஆயினும் கணினியைத் திறந்தவுடன் விண்டோஸைத் தேர்ந்தெடுப்பதே பழக்கமாகிப்போனதற்கு, லினக்ஸில் தமிழை எவ்வாறு தட்டுவது என்பதை யாரும் சொல்லித் தராததும் ஒரு காரணம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்ட நிலையில், ஓடக்கூடிய நிலையில் இருக்கும் பழைய மடிக்கணினிகளைக் கழிக்காமல் பயன்படுத்த லினக்ஸே எளிய வழியாக நிற்கிறது.

சீன எழுத்தின் சிக்கல் அதன் எண்ணிக்கையில் இருக்கிறது. தமிழின் 247 எழுத்துகளையும் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகியவற்றைக் கொண்டு ஆக்கிவிடலாம். சீனத்தில் அவ்வாறு கூட்டி எழுதும் ஒழுங்கு இல்லாததால் ஒவ்வோர் எழுத்தும் தனி வடிவமாக நிற்கிறது. சீன அரசு 1980-இல் கணினிக்கென வகுத்த முதல் குறியீட்டுத் தரத்தில் 6,763 எழுத்துகள் இருந்தன; 2013-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இடம்பெற்றன. அன்றாட வாசிப்புக்கே 3,500 எழுத்துகள் வேண்டும் என்று அப்பட்டியலின் முதல் நிலை கணிக்கும்போது, எழுத்துக்கு ஒரு விசை என்னும் கணக்கு அங்கே எடுபடாது. எனவே விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே நின்று, தட்டப்பட்ட விசைகளைச் சேர்த்துப் பார்த்து உரிய எழுத்தைத் தேர்ந்தெடுத்து வைக்கும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. அதுவே உள்ளீட்டு முறை எனப்படுகிறது.

இந்த உள்ளீட்டு முறைகளுள் மிகப் பரவலானது, சீனம் 1958-இல் ஏற்றுக்கொண்ட பின்யின் என்னும் உரோமன் ஒலிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒலி ஏற்றத்தாழ்வைக் கணக்கிடாவிட்டால் சீனத்தில் ஏறத்தாழ 400 அசைகளே உள்ளமையால் ஒரே அசைக்குப் பல எழுத்துகள் உரியவையாகின்றன. ‘மா’ என்னும் அசை, ஒலிக்கும் முறைக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் ஆகிய பொருள்களைத் தரும். எம், ஏ என்னும் இரண்டு ஆங்கில விசைகளைத் தட்டியவுடன் இவற்றின் எழுத்துகள் எண்ணிட்ட வரிசையாகத் திரையில் தோன்ற, வேண்டியதன் எண்ணை அழுத்தினால் அது உரைக்குள் வந்து அமரும். அசைகளைத் தனித்தனியே தட்டாமல் சொல்லாகவோ தொடராகவோ தட்டும்போது, சூழலைக் கொண்டு மென்பொருளே சரியான எழுத்தை முதலிடத்தில் நிறுத்துகிறது. பெய்ஜிங் என்பதற்கு பி, ஜே என்னும் முதலெழுத்துகளை மட்டும் தட்டினாலும் போதும். ஒலியைப் பின்பற்றாமல் எழுத்தின் உருவை உறுப்புகளாகப் பிரித்துத் தட்டும் முறைகளும் உண்டு. தைவானில் 1976-இல் உருவான சாங்ஜியே, சீனத்தில் 1983-இல் வாங் யோங்மின் வகுத்த வூபி ஆகியவை அவ்வகையின. நீண்ட பயிற்சி கேட்கும் இவை தொழில்முறைத் தட்டச்சாளருக்கு ஏற்றவை. புதிதாகச் சீனம் கற்பவர் பின்யினோடு தொடங்குவதே நலம்.

இவ்வாறு நடுவே நின்று பணியாற்றும் அடுக்கு தமிழுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதைத் தமிழ்99 விசைப்பலகை காட்டுகிறது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய இப்பலகையில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருக்கின்றன. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினாலும், மெல்லினத்தை அடுத்து அதற்கு இனமான வல்லினத்தைத் தட்டினாலும், முன்னதன் மேல் புள்ளி தானே விழும். இவ்விதியின்படி ‘செம்பட்டி’ என்னும் ஊர்ப்பெயருக்கு ச, எ, ம, ப, ட, ட, இ என்னும் ஏழு தட்டல்களே போதும். புள்ளியை ஒருமுறையும் தேட வேண்டியதில்லை. ‘திண்டுக்கல்’ என்பதில் கடைசி எழுத்துக்கு மட்டும் புள்ளி விசையைத் தொட வேண்டியிருப்பதால் ஒன்பது தட்டல்கள் ஆகின்றன. ‘பப்பாளி’ போன்ற சொல்லில் முதல் பகரத்தின் மேல் புள்ளி விழாமல் தடுக்க இடையில் அகரத்தைத் தட்டி, ப, அ, ப, ப, ஆ, ள, இ என்று எழுத வேண்டும். தமிழின் புணர்ச்சி இயல்பையும் இன எழுத்து வரிசையையும் விசைப்பலகைக்குள் கொண்டுவந்த இந்த அமைப்பு, ஆங்கில எழுத்தில் நினைத்துத் தமிழை வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு முறையைவிட மேலானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

புதியவர்கள் இடறும் இடமும் இங்கேதான். லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்னும் பெயர் இருவேறு வடிவங்களில் தென்படலாம். ஒரு விசைக்கு ஒரு குறியீடு என்று மட்டும் பொருத்தும் அடிப்படை அமைப்பைச் சேர்ந்தது ஒன்று. அதில் தானே விழும் புள்ளி கிடைக்காது. எம்17என் என்னும் அடையாளத்தோடு காணப்படும் மற்றொன்றே உள்ளீட்டு முறையின் வழியாக முழு விதிகளையும் இயக்குவது. முதல் வடிவத்தைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டு, லினக்ஸில் தமிழ் சரியாக வராது என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அந்த முடிவு தவறானது.

எந்த லினக்ஸ் என்னும் கேள்விக்கு மொழியைக் காரணமாகக் கொண்டு விடை தேட வேண்டியதில்லை. சீனத்துக்கென்றே உபுண்டு கைலின், தீப்பின் போன்ற வழங்கல்கள், அதாவது இயக்க முறைமையும் செயலிகளும் சேர்ந்த தொகுப்புகள், இருந்தாலும், பின்யின் உள்ளீட்டு முறைகள் டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் ஆகிய எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. பார்க்க வேண்டியது கணினியின் வலிமையையே. செயலி 64-பிட் வகையா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, 2 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியாயின் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்; 4 ஜிபி இருந்தால் வேலை இன்னும் இலகுவாகும். க்னோம் திரைச்சூழலைக் கொண்ட வழங்கல்களில் ஐபஸ் உள்ளேயே இணைந்திருப்பதால் கூடுதல் வேலை குறைவு. கேடிஇ பிளாஸ்மா சூழலை விரும்புபவர் எஃப்சிஐடிஎக்ஸின் ஐந்தாம் பதிப்பை நிறுவி, அமைப்புகளில் உள்ள மெய்நிகர் விசைப்பலகைப் பக்கத்தில் அதையே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பெயர் பொருந்தாததுபோல் தோன்றினாலும் அந்த இடமே சரியானது.

நிறுவும் முறை சிறியது. மென்பொருள் மேலாளரில் தமிழுக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பையும், சீனத்துக்கு ஐபஸ்-லிப்பின்யின் தொகுப்பையும் தேடி நிறுவிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்; இந்தப் படியைத் தவிர்த்தால் புதிய முறைகள் பட்டியலில் தோன்றாமல் போகலாம். பிறகு க்னோமில் அமைப்புகள், விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள் என்னும் வரிசையில் சென்று தமிழ்99-ஐயும் பின்யினையும் ஆங்கிலத்தோடு சேர்த்துவிட்டால், விண்டோஸ் சின்னம் பொறித்த விசையையும் இடைவெளி விசையையும் ஒருசேர அழுத்தி மூன்று மொழிகளுக்கும் மாறி மாறிச் செல்லலாம். மின்ட்டில் இதற்கெனவே உள்ளீட்டு முறை என்னும் தனிச் செயலி உண்டு. பழைய தட்டச்சுப் பொறியில் பழகி டிடிபி நிலையங்களில் வேலை செய்பவர்கள் எம்17என் பட்டியலிலேயே தட்டச்சுப்பொறி அமைப்பையும் காணலாம். கை பழகிய வரிசையை விடாமலே யூனிகோடுக்கு மாற அது உதவும்.

எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால் குறை எழுத்துருவில் இருக்கிறது. 2014-இல் கூகுளும் அடோபியும் இணைந்து வெளியிட்ட நோட்டோ சிஜேகே எழுத்துருவை நிறுவினால் சீன எழுத்துகள் தெரியும். தமிழுக்கு நோட்டோ, லோகித், மீரா இனிமை ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் எளிமைப்படுத்திய எழுத்தே வழக்கு, தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்தே வழக்கு என்பதை அறிந்து உரிய வகையைப் பின்யின் அமைப்புகளில் குறித்துவிட வேண்டும்.

சீனத்தில் எழுதத் தெரிந்தவர் தேவைப்படும் இடங்கள் திண்டுக்கல் சமவெளிக்குத் தொலைவில் இல்லை. நூற்பாலைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் நிறைந்த மாவட்டத்தில், சீனத்திலிருந்து இயந்திரம் வாங்கும் நிறுவனத்துக்கு உதிரிப்பாகத்தின் பெயரைச் சீன எழுத்திலேயே தட்டித் தேடத் தெரிந்த பணியாளர் ஒருவர் பெரும் பலம். தமிழ், சீன எழுத்துகள் அருகருகே நிற்பது வரலாற்றிலும் புதிதன்று. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒரு சீன வரியோடு முடிகிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409-ஆம் ஆண்டு நாளிட்டுப் பொறிக்கச் செய்து, 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கல் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றையும் தாங்கியிருக்கிறது. அன்று மூன்று எழுத்துமுறைகளில் கல்லில் செதுக்கிய அந்த உரைகளை இன்று ஒரே கோப்பில், ஒரே விசைப்பலகையில் தட்டிவிடலாம்.

தமிழ்நாட்டின் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 2018 முதல் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும் பாடமாக உள்ளது. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் சாளரங்களையும் கோப்புறைகளையும் காட்டுவதோடு நிறுத்தாமல், எம்17என் வழியே தமிழ்99-ஐ அமைக்கும் செய்முறைக்கு ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்க வேண்டும்.