பாத்திரம் கழுவும் எந்திரம் மக்கர் செய்தால்...

"சென்சார்" கெட்டதா? அழுக்கு அடைத்ததா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

நெல்லுக்கும் தென்னைக்கும் மீனுக்கும் பேர்போன சீமை நாஞ்சில் நாடு. அவியல், எரிசேரி, தேங்காய் அரைத்த மீன் குழம்பு என்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அடுக்களை நிறையப் பாத்திரம் சேர்ந்துவிடும். ஆக்குவது ஒரு வேலை என்றால் கழுவுவது இரண்டு வேலை!

அந்தக் காலத்தில் கதம்பை நாரும், அடுப்புச் சாம்பலும், புளியும்தான் துணை. பெண்களின் கையும் இடுப்பும்தான் எந்திரம். இன்று சில வீடுகளில் அந்த வேலையை மின்சார எந்திரம் செய்கிறது. 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆட்கள் வர முடியாமல் போனது. அப்போது இந்தியாவில் இந்த எந்திரத்துக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது.

எந்திரம் வந்தது. கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது. பாதி ஓட்டத்தில் எந்திரம் நிற்கிறது. விளக்கு மினுக்குகிறது. ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் தெரிகின்றன. "சென்சார் போய்விட்டது" என்கிறார்கள். பழுது பார்க்கும் செலவை நினைத்தாலே பகீர் என்கிறது.

உண்மையில் சென்சார் கெட்டிருக்குமா? பல நேரங்களில் கெட்டிருக்காது. அழுக்கோ, நீர்க் குறைவோதான் காரணமாக இருக்கும்!

பெண் கண்ட எந்திரம்

இந்த எந்திரம் நேற்று வந்தது அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி இதற்குக் காப்புரிமை பெற்றார். வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய பீங்கான் தட்டுகள் சேதம் அடைந்தன. அதனால்தான் அவர் இந்த யோசனையில் இறங்கினார். 1893-ம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய எந்திரம் பரிசு பெற்றது.

அது கையால் சுற்றும் எந்திரம். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். இன்றைய எந்திரம் தானே பார்த்துக்கொள்கிறது. அப்படிப் பார்க்க உதவும் சிறு கருவிதான் சென்சார். தமிழில் "உணரி" என்பார்கள்.

என்னென்ன உணரிகள்?

எல்லா எந்திரத்திலும் எல்லா உணரியும் இருப்பதில்லை. முக்கியமானவை நான்கு.

ஒன்று, தண்ணீர் எவ்வளவு வந்தது என்று அளப்பது.

இரண்டு, தண்ணீர் எவ்வளவு சூடானது என்று பார்ப்பது. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அதை வைத்து எந்திரம் சூட்டை அறிகிறது.

மூன்று, தண்ணீர் கலங்கி இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு பக்கம் சிறு விளக்கு. எதிர்ப்பக்கம் ஒளியை வாங்கும் கருவி. நடுவே தண்ணீர். ஒளி குறைவாக வந்தால், "இன்னும் அழுக்கு இருக்கிறது" என்று எந்திரம் மேலும் கழுவும்.

நான்கு, மிதவை. தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினாலோ, அடித்தட்டில் கசிந்தாலோ இது மேலே எழும்பும். உடனே தண்ணீர் வரத்து நிற்கும்.

இவை வேவு பார்ப்பவை. செய்தி கெட்டதாக இருந்தால், சொன்னவன் மேல் பழி போடலாமா?

முதலில் பிளக்கைப் பிடுங்கு!

எதைத் தொடுவதற்கு முன்பும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீர்க் குழாயை அடைக்க வேண்டும். உள்ளே சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

பிறகு எந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்து, திரையில் தெரிந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பொருள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி இறங்கக் கூடாது.

தண்ணீர் வரவில்லையா?

"தண்ணீர் இல்லை" என்று எந்திரம் சொன்னால், முதலில் குழாய் திறந்திருக்கிறதா, ரப்பர் குழாய் மடங்கி இருக்கிறதா என்று பார்க்கலாம். குழாய் சேரும் இடத்தில் சிறு சல்லடை இருக்கும். மணலும் துருவும் அதில் அடைத்துக்கொள்ளும். கழற்றி அலசினால் போதும்.

அடுத்தது மொட்டை மாடித் தொட்டி. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சுமார் 1 பார் அழுத்தம் இருக்கும். பல எந்திரங்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும். அதாவது 5 மீட்டர் உயரம் வேண்டும். ஒரே தளம் உள்ள வீட்டில் தொட்டி 3 அல்லது 4 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அங்கே உணரியை மாற்றிப் பயன் என்ன? அழுத்தம் கூட்டும் சிறு பம்பு வைப்பதா, தொட்டியை உயர்த்துவதா என்று யோசிக்க வேண்டும்.

தேங்காய்த் துருவல் செய்யும் வேலை

கழுவி முடிந்தும் தண்ணீர் வெளியேறவில்லையா? எந்திரத்தின் அடியில் வடிகட்டி இருக்கும். தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, கடுகு, மீன் முள் எல்லாம் அங்கேதான் தஞ்சம் புகும். அதைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து அலச வேண்டும். உடைந்த கண்ணாடி கிடக்கலாம். கை பத்திரம்!

சில எந்திரங்களில் மிதவை உள்ளேயே, தரையில் சிறு மூடிபோல் இருக்கும். அதன் அடியில் துருவல் சிக்கினால் மிதவை இறங்காது. தண்ணீர் நிறைந்துவிட்டது என்று எந்திரம் ஏமாந்துபோகும். விரலால் மெல்லத் தூக்கி விட்டால், அது தானே கீழே இறங்க வேண்டும்.

நுரை வந்தால் மோசம்

கையால் கழுவும் சோப்பை இந்த எந்திரத்தில் ஊற்றக் கூடாது. நுரை பொங்கி அடித்தட்டில் வழியும். அங்கே உள்ள மிதவை எழும்பும். பம்பு ஓயாமல் ஓடும். "உணரி கோளாறு" என்று பெயர் வாங்கிக் கொடுக்கும். இதற்கென்று விற்கும் தூளையோ வில்லையையோதான் போட வேண்டும்.

நுரையே வராமல் அடித்தட்டில் தண்ணீர் நின்றால், எங்கோ கசிவு இருக்கிறது. அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

உப்பிலும் சூட்சுமம் உண்டு

கடலோர ஊர்களில் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாக இருக்கும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். கடின நீர் சூடாகும்போது சுண்ணாம்புப் படலம் படியும். ஒளியால் பார்க்கும் உணரியின் மேல் அது படிந்தால், கண்ணில் புரை விழுந்த மாதிரிதான். எந்திரம் தேவை இல்லாமல் நெடுநேரம் ஓடும்.

இதற்காகத்தான் பல எந்திரங்களில் உப்பு போடும் அறை இருக்கிறது. புத்தளம் உப்பளத்து உப்பு குழம்புக்கு அருமையானது. ஆனால் எந்திரத்துக்கு ஆகாது. கடல் உப்பில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கெடுதல் செய்யும். எந்திரத்துக்கான தனி உப்புதான் வேண்டும். படலம் படிந்தால், அதை நீக்கும் மருந்தைப் போட்டு, பாத்திரம் இல்லாமல் ஒரு முறை சூடாக ஓட்டலாம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

இவ்வளவும் வீட்டார் செய்யலாம். இதற்கு மேல் கூடாது. கழுவி முடிந்த தட்டு சில்லென்று இருந்தால், சூடேற்றியோ சூட்டு உணரியோ பழுதாகி இருக்கலாம். அதை மின்தடை அளக்கும் மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். தொட்டால் ஷாக் அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ எந்திரத்தைத் தொடவே கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

மெக்கானிக் வந்ததும், என்ன எண் தெரிந்தது, எந்தக் கட்டத்தில் நின்றது, எதை எதைச் சுத்தம் செய்தோம் என்று சொல்ல வேண்டும். "உணரியை மாற்ற வேண்டும்" என்று அவர் சொன்னால், அளந்து காட்டச் சொல்லலாம். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம். காசு கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

வாரம் ஒரு முறை வடிகட்டியை அலசினால் போதும், பாதித் தொல்லை தீரும். அதற்கு ஆகும் நேரம் ஐந்தே நிமிடம். அதை வீட்டு ஆண்களும் செய்யலாம்!