ஃப்ரீஸருக்குள் ஒரு ரூபாய்!

‘‘டாக்டர், அயிலை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்துல முகமெல்லாம் சிவந்து, தடிப்புத் தடிப்பா வந்துடுச்சு. ஃப்ரீஸர்ல இருந்த மீன்தான். நல்லா கொதிக்க வெச்சேனே!’’

என்னிடம் வந்த ஒரு அம்மாவின் புலம்பல் இது. விசாரித்தேன். இரண்டு நாள் முன்பு ராத்திரி போன கரண்ட் மறுநாள் மத்தியானம்தான் வந்ததாம். சாயங்காலத்துக்குள் மீன் பழையபடி கல்லாகிவிட்டதால் கவலைப்படவில்லையாம்.

அங்கேதான் தப்பு! அயிலை, சூரை போன்ற மீன்களில் குளிர் விட்டுப்போனால், கிருமிகளால் ‘ஹிஸ்டமின்’ என்ற பொருள் உண்டாகிறது. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. திரும்ப உறைய வைத்தாலும் அழியாது. தடிப்போடு மூச்சுத் திணறலும் வந்தால் கஷாயம் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஃப்ரீஸர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. அதனால் அதில் வரும் சின்னக் கோளாறும் உங்கள் வயிற்றைப் பாதிக்கும்.

ஐஸ் மலைபோல் சேருகிறதா?

கதவு ரப்பர் வழியாக ஈரக்காற்று நுழையலாம். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பரை சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் மாற்றுங்கள். ஐஸ் கால் அங்குலம் தாண்டினால் ஸ்விட்சை அணைத்து உருக விடுங்கள். கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போச்சு!

கூலிங் போதவில்லையா?

பின்பக்கக் கம்பிகளில் தூசி படிந்திருக்கலாம்; பெட்டி சுவரை ஒட்டி நிற்கலாம்; சூடு ஆறாத பாத்திரத்தை உள்ளே வைத்திருக்கலாம். முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள். ‘‘கேஸ் தீர்ந்துபோச்சு’’ என்று மெக்கானிக் சொன்னால், ‘‘எங்கே லீக்?’’ என்று கேளுங்கள். அடுப்பு கேஸ் மாதிரி அது தானாகத் தீராது. உள்ளே தெர்மாமீட்டர் வைத்தால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

கரண்ட் போய்விட்டதா?

கதவைத் திறக்காதீர்கள். தனிக் கதவுள்ள ஃப்ரீஸர் நிறைந்திருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரமும் குளிர் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டி அவ்வளவு தாங்காது. கீழ்த்தட்டுகளுக்கு 4 மணி நேரம்தான் கணக்கு.

வெளியூர் போகிறீர்களா?

ஒரு பிளாஸ்டிக் டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் நிம்மதி. அடியில் போய் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மீனையும் கறியையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

முதல் நாள் கறியே வேண்டாம் என்பது தேரையர் சொன்ன விதி. இந்தக் காலத்தில் அதை அப்படியே கடைப்பிடிப்பது சிரமம்தான். எங்கள் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஆனால், அதற்குள் அந்த ஒரு ரூபாயும் இருக்கிறது!