இரண்டு பேர் தேர்வானார்கள். மீதி இருபத்தெட்டு பேர்?

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை கூடிவிடும். பழக்கடை, பரோட்டா கடை, எண்ணெய் தேய்க்கும் இடம் என்று பையன்கள் சீசன் வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் அம்மாவோடு பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை இது. ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புற மாணவர் திறனறித் தேர்வு வந்தது. எங்கள் தெருவிலிருந்து நானும் என் நண்பனும் எழுதினோம். கணக்கில் அவன்தான் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதமும் அவன் அருவிக்கரையில் தேங்காய் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தான். நான் தேர்வானேன். அவன் ஆகவில்லை.

கிடைத்த உதவித்தொகை சிறியது. மாறியது வேறு. அன்று முதல் வாத்தியார்கள் பார்வை என்மேல் விழுந்தது. கேள்வி கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள்; நூலகத்துப் புத்தகம் எனக்கு முதலில் வந்தது. அவன் மெல்லக் கடைசி பெஞ்சுக்குப் போனான். பிறகு கேரளத்துச் செங்கல் சூளைக்குப் போனான். ஒரு மதிப்பெண் பட்டியல் எங்கள் இருவரையும் பிரித்தது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அந்தப் பட்டியலைப் பார்த்தபின் மற்றவர்கள் எங்களை நடத்திய விதம்தான் பிரித்தது.

இதை இப்போது எழுதக் காரணம் மாதிரிப் பள்ளிகள். அரசுப் பள்ளி மாணவர்களில் நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, 9 முதல் 12 வரை இலவசமாகப் படிக்கவைக்கும் பள்ளிகள் இவை. 2021-22இல் சில மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் படிப்படியாகத் தென்காசி உட்பட 38 மாவட்டங்களுக்கும் விரிந்தன. ஐ.ஐ.டி., தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு இங்கிருந்து பிள்ளைகள் போகிறார்கள். அப்படிப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் அந்த நிறுவனங்களின் பெயரையே அதுவரை கேள்விப்பட்டிராதவர்கள். இது சின்ன விஷயமில்லை. பீடி சுற்றும் ஒரு தாய்க்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்?

அப்படியானால் குறை எங்கே? ஊர்ப் பள்ளியில் இருக்கிறது. முப்பது பேர் இருக்கும் வகுப்பிலிருந்து முதல் இரண்டு பேரை எடுத்துவிட்டால், மற்றவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளை போய்விடுகிறது. ஆசிரியருக்குக் கிடைத்துவந்த ஒரே திருப்தியும் போகிறது. பொதுத்தேர்வு முடிவு வந்ததும் அந்தப் பள்ளியைத்தான் ஊரார் குறை சொல்வார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்கள். கடைசியில் அந்த வகுப்பறையில் மிஞ்சுவது யார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

ஒருவனுக்கு விடுதலை, ஒருவனுக்கு இழப்பு

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.

2022 செப்டம்பரில் நம் மாவட்டத்து பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்கப் போன பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்கள் தெருவுக்குத் தின்பண்டம் கிடையாது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிய காணொளியை நாடே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து, கைது செய்து, கடைக்கு சீல் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில், உடன்படித்த மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்னதற்காக ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தத் தம்பி மருத்துவமனையிலிருந்து மீண்டுவந்து பிளஸ் 2 தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தான்.

இந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு, எந்தத் தெரு என்று யாரும் கேட்காத ஒரு விடுதி கிடைப்பது படிப்புக்கு மட்டும் கிடைத்த இடமில்லை. மூச்சுவிடக் கிடைத்த இடமும் அதுதான். ஆகவே தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகளை மூடுங்கள் என்று நகரத்து அறிஞர் ஒருவர் சொன்னால், நான் கொஞ்சம் தயங்குவேன். அவருடைய பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் நன்றாகப் படிப்பவன் மட்டும்தான் அந்த மூச்சுக்கு உரியவனா? சுமாராகப் படிக்கும் பிள்ளையின் கையைப் பார்த்து, என்ன கலர் கயிறு கட்டியிருக்கிறான் என்று எடைபோடும் பள்ளியில் அவன் இருந்துகொள்ள வேண்டியதுதானா? நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் கூடாது என்றெல்லாம் அதில் உள்ளது. அது எல்லாப் பள்ளிகளுக்குமான மருந்து. நான்கு பேரை வெளியே தூக்கிவிடுவது அதற்கு மாற்றாகாது.

எந்த வயதில் தேர்வு?

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி ஒன்றுகூட இல்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையில் வந்த இந்தப் பள்ளிகளை, இந்தி வரும் என்பதால் எல்லா அரசுகளும் மறுத்தன. 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை திறக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. விவாதம் எப்போதும் மொழியோடு நின்றுவிடுகிறது. அங்கே ஆறாம் வகுப்பில் சேரவே நுழைவுத் தேர்வு உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. முக்கால் பங்கு இடம் கிராமத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு, எஸ்.சி., எஸ்.டி.க்கு மக்கள்தொகை விகிதத்தில் இடஒதுக்கீடு என்று விதிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையைத் தேர்வு வைத்துப் பிரித்தால், அளக்கப்படுவது பிள்ளையின் அறிவைவிட வீட்டின் நிலைமைதான்.

இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினோரு வயதில் தேர்வு. தேறியவர்கள் இலக்கணப் பள்ளிக்கு, மற்றவர்கள் வேறு பள்ளிக்கு. பெரும்பாலான ஊர்களில் பின்னர் கைவிட்டார்கள். இன்றும் 163 இலக்கணப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைகள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. நம் கணக்கில் சொன்னால், சத்துணவு வரிசையில் நிற்கும் பிள்ளை அந்த வாசலைத் தாண்டுவதே அபூர்வம். இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஏழைப் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு ஏற்றிவிட வந்தது. இன்று அதற்காகச் சின்னஞ்சிறுசுகள் டியூஷனுக்கு அலைகின்றன.

சேர்ந்தவர்களுக்காவது நிச்சயப் பலன் உண்டா? அமெரிக்காவின் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் இப்படிப்பட்ட பள்ளிகளில் மயிரிழையில் இடம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. பிந்தைய தேர்வுகளில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே தவறவிட்டவருக்கும் ஓரளவு நல்ல பள்ளி கிடைத்திருக்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நம் ஊரில் தவறவிட்டால் கிடைப்பது என்ன என்பதுதான் கேள்வி.

நம் மக்களுக்கென்றே வந்த ஒன்றிய அரசின் ஸ்ரேஷ்டா திட்டத்தையும் சொல்லவேண்டும். எஸ்.சி. மாணவர்களைத் தேர்வு வைத்து, 9, 11ஆம் வகுப்புகளில் தனியார் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கிறது. இடங்கள் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000. 2011 கணக்குப்படி நாட்டில் எஸ்.சி. மக்கள் 20 கோடி. தகுதியுள்ள தம்பி தங்கைகள் கட்டாயம் விண்ணப்பியுங்கள்; எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் என்.எம்.எம்.எஸ். தேர்வையும் எழுதுங்கள், ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். ஆனால் இதைக் காட்டி, ஆயிரத்துக்கும் மேலான ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடப்பதை அரசு மறக்கடிக்கக் கூடாது.

காமராசர் காலத்தில் செய்தது வேறு மாதிரி. கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடி எடுக்கவில்லை. ஊர்தோறும் பள்ளியைக் கொண்டுவந்து வைத்தார்கள், 1956இல் சோறும் போட்டார்கள். எங்கள் தெருவில் முதல் தலைமுறை எழுத்துப் படித்தது அப்படித்தான். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் கொஞ்சம் அந்த வழியில்தான் வருகிறது. ஊர்ப் பள்ளியில் இருந்துகொண்டே போட்டியிடலாம். பள்ளியை விட்டு ஓடவேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் மாதிரிப் பள்ளி இருக்கட்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எந்த ஒன்றியத்திலிருந்து எத்தனை பேர், அதில் எஸ்.சி., அருந்ததியர், பழங்குடியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்ற பட்டியலை மாவட்டக் கல்வி அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டும். மேலநீலிதநல்லூர், குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமங்களுக்கு அதில் எத்தனை இடம் என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பிள்ளையை அனுப்பிய பள்ளிக்கு, அந்தப் பிள்ளைக்குச் செலவாகும் தொகையில் ஒரு பங்காவது ஆய்வகத்துக்கும் கணக்கு ஆசிரியருக்கும் வரவேண்டும். மாதிரிப் பள்ளி ஆசிரியர்கள் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த ஊர்களுக்குப் போகலாம்.

என் நண்பன் சூளையிலிருந்து திரும்பி இப்போது ஊரில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அவளைவிட இரண்டு வயது இளையவன் ஒரு மகன், படிப்பில் சுமார்; தினமும் அக்காதான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் விடுதிக்குப் போய்விட்டால் இவனுக்கு யார் என்று போன வாரம் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்று என்னிடம் கேட்டான். அனுப்பு, தயங்காதே என்றுதான் சொன்னேன். பையனைப் பற்றி அவனுக்கு என்னிடம் பதில் இல்லை.